கண்ணாடியின்றிக் காத்த நிழற்படங்கள்

நிழற்படத்திற்குக் கண்ணாடி வேண்டும் என்பது நம்மிடையே கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். மறைந்த முன்னோரின் படத்தை முன்கூடத்தில் மாட்டும்போது சட்டமும் கண்ணாடியும் இட்டே மாட்டுகிறோம். பொட்டு வைப்பதும் அந்தக் கண்ணாடியின் மீதுதான். மாலை சூட்டுவதும் அந்தச் சட்டத்திற்குத்தான். கண்ணாடி இல்லாத படம் காவல் இல்லாத வீடு என்றே நாம் கருதி வந்திருக்கிறோம்.

ஆனால் அந்தக் காவலே சில வேளைகளில் கள்வனாக மாறுவதையும் நாம் கண்டிருக்கிறோம். மழையும் வெயிலும் மாறி மாறி வருகின்ற நம் நாட்டில் காற்றில் ஈரம் மிகுதி. அவ்வீரம் சட்டத்தின் பின்புறமாக நுழைந்து, கண்ணாடிக்கும் படத்திற்கும் இடையே தங்கிவிடுகிறது. படத்தின் மேற்பரப்பில் உள்ள ஜெலட்டின் படலம் ஈரத்தால் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. பல்லாண்டுகளுக்குப் பின் சட்டத்தைப் பிரிக்க முனைவோர், தாள் ஒருபுறமும் முகம் ஒருபுறமுமாகப் பிரிந்து வருவதைக் கண்டு திகைத்து நிற்பர். அந்த முகம் ஒரு குடும்பத்தின் மூத்த தலைமுறையினுடையதாக இருக்கும். அதற்கு வேறு படியும் இருக்காது.

அவ்வாறாயின், கண்ணாடி இல்லாமல் ஒரு நிழற்படத்தைப் பார்வைக்கு வைக்கவும் முடியுமா? வைத்தபின் அதனைக் காக்கவும் முடியுமா? இவ்வினா இன்று தோன்றியதன்று. நிழற்படக் கலை பிறந்த நாளிலிருந்தே இவ்வினா அதனுடன் நடந்து வருகிறது. குறிப்பாக, மினுக்கமற்ற தாளில், அதாவது கடைக்காரர் 'மேட்' என்று வழங்குகின்ற தாளில், அச்சிட்ட படங்களின் வரலாறு முழுவதும் இவ்வினாவுக்கு விடைதேடிய வரலாறே எனலாம். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதும், அதிலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் பெறத்தக்க படிப்பினையை எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தகட்டுப் படமும் தாள் படமும்

1839 ஆம் ஆண்டு நிழற்படக் கலையின் பிறப்பாண்டாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாண்டில் இரண்டு முறைகள் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. ஒன்று பிரான்சு நாட்டு டகேர் கண்டது. மற்றொன்று இங்கிலாந்து நாட்டு டால்பட் கண்டது. பிறப்பிலேயே இவ்விரண்டும் கண்ணாடியைப் பொறுத்து எதிரெதிர்த் திசையில் நின்றன என்பது கருதத்தக்கது.

டகேரின் படம் வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டின்மீது அமைந்தது. கண்ணாடிபோல் பளபளக்கும் அத்தகட்டின் மேல், உருவம் மிக மெல்லிய படிவாகவே தங்கியிருந்தது. விரலால் ஒருமுறை துடைத்தால் உருவம் அழிந்துபோகும். காற்றுப் பட்டால் வெள்ளி கறுக்கும். ஆகவே அத்தகட்டைக் கண்ணாடியால் மூடி, ஓரங்களைத் தாளால் ஒட்டி அடைத்து, சிறு பேழைக்குள் வைத்தே வாடிக்கையாளரிடம் கொடுத்தனர். கண்ணாடி அங்கே அழகுக்காக வந்ததன்று. உயிர் காக்க வந்தது.

டால்பட்டின் படமோ தாளில் அமைந்தது. உப்புநீரில் தோய்த்த தாளின்மீது வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைப் பூசி, வெயிலில் வைத்து எடுக்கப்பட்ட படம் அது. உருவம் தாளின் நாருக்குள்ளேயே ஊறி நின்றது. மேலே படலம் ஏதும் இல்லாமையால் மினுக்கமும் இல்லை. ஓவியம் போலவும் கரிக்கோட்டுச் சித்திரம் போலவும் தோற்றமளித்த அப்படங்களை, 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் நூலில் டால்பட் ஒட்டி வெளியிட்டார். அந்நூலின் படங்களுக்குக் கண்ணாடி இல்லை. படிப்பவர் விரல்படும் தாளிலேயே அவை இருந்தன. மினுக்கமற்ற நிழற்படம் கண்ணாடியின்றி மக்கள் கைக்கு வந்த தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

மங்கிய படங்களும் ஆய்வுக் குழுவும்

கண்ணாடியின்றி வந்த படங்கள் நிலைத்தனவா என்றால், இல்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே பல படங்கள் மஞ்சளித்து மங்கத் தொடங்கின. டால்பட்டின் நூற்படிகள் சிலவற்றிலும் படங்கள் வெளிறிப்போயின. காலத்தை நிறுத்திவைக்கும் கலை என்று புகழப்பட்ட ஒன்று காலத்தின் முன் தோற்றுநின்றது. இதனால் அக்கலையின் மதிப்பே ஆட்டங்கண்டது.

1855 ஆம் ஆண்டில் இலண்டன் நிழற்படச் சங்கம், படங்கள் மங்குவதற்கான காரணத்தை ஆராய ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா அரசியாரின் கணவரான இளவரசர் ஆல்பர்ட் அம்முயற்சிக்காக 50 பவுன் வழங்கினார். அவ்வாண்டிலேயே குழு தன் அறிக்கையை அளித்தது. படத்தை நிலைப்படுத்தப் பயன்படும் ஹைப்போ உப்பு சரியாகக் கழுவப்படாமல் தாளில் எஞ்சி நிற்பது ஒரு காரணம். காற்றில் உள்ள கந்தகமும் ஈரமும் கூடி வெள்ளியைத் தாக்குவது மற்றொரு காரணம் என்று குழு கண்டது. நிலக்கரிப் புகை சூழ்ந்த இலண்டன் நகரில் கந்தகத்துக்குப் பஞ்சமில்லை.

அக்குழு நான்கு பரிந்துரைகளைக் கூறியது. படங்களிலிருந்து ஹைப்போவை முற்றாக நீக்க வேண்டும். படத்தின் ஆக்கத்தில் தங்கம் ஏதேனும் ஒரு வடிவில் சேரவேண்டும். படங்களை ஈரம் படாமல் வைக்கவேண்டும். காற்றையும் ஈரத்தையும் தடுக்கவல்ல ரப்பர், கட்டாப் பெர்ச்சா, மெழுகு, வார்னிஷ் வகைகள் ஆகியவற்றைப் பூசிச் சோதித்துப் பார்க்க வேண்டும். இவற்றுள் நான்காவது பரிந்துரையே நம் பொருளுக்கு உரியது. கண்ணாடிக்கு மாற்றாக, படத்தின் மீதே படிந்து நிற்கும் ஒரு காப்புக்கான தேடல், இவ்வாறு அறிஞர் குழு ஒன்றின் வாயிலாகவே தொடங்கிற்று.

இங்கே நாம் நின்று கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கட்டாப் பெர்ச்சா என்பது வேறெங்கும் விளைந்ததன்று. நம் தீபகற்பத்தின் காடுகளிலும் அதனை அடுத்த தீவுகளிலும் வளரும் மரத்தின் பால். அப்பெயரே மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்தது. சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்ற அப்பொருள், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகியது. நிழற்படங்களுக்கும் காப்பாகுமா என எண்ணிப் பார்க்கவும் பட்டது. நிழற்படம் காக்கும் வரலாற்றில் நம் மண்ணின் மரமும் இவ்வகையில் ஒரு வரியாக இடம்பெற்றுவிட்டது.

மினுக்கமின்மையின் தன்மை

மேலும் செல்லுமுன், மினுக்கமற்ற பரப்பு என்பது யாது என்று தெளிந்துகொள்ளுதல் நலம். அசையாத குளத்து நீர் வானத்து ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. ஆற்றுமணல் அதே ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. பளபளப்பான தாள் குளத்து நீர் போன்றது. மினுக்கமற்ற தாள் மணற்பரப்புப் போன்றது. மினுக்கமற்ற தாளைச் செய்வோர், மேற்பூச்சில் மாவுப்பொருள், சிலிக்கா முதலியவற்றின் நுண்துகள்களைக் கலந்து அப்பரப்பைச் சொரசொரப்பாக்குவர்.

இதனால் விளையும் நன்மை, எப்பக்கம் நின்று பார்த்தாலும் கண் கூசாமல் படம் தெரிவது. தீமை இரண்டு. முதலாவது, சிதறும் ஒளி கறுப்பின் மீதும் படிவதால் கறுப்பு ஆழ்ந்த கறுப்பாக இராமல் சாம்பல் தட்டிப்போகும். இரண்டாவது, தொடுவதைப் பொறுக்காத தன்மை. நகமோ சட்டைப் பொத்தானோ உராய்ந்தால் நுண்துகள்கள் நசுங்கி, அவ்விடம் மட்டும் பளபளவென்று கோடாகத் தெரியும். துடைத்தால் போகாது, துடைக்கத் துடைக்கப் பெரிதாகும்.

கண்ணாடியை இட்டால் தொடுதலிலிருந்து காக்கலாம். ஆனால் சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. இருபரப்பும் சேர்ந்து 8 பங்கு. எதிரே உள்ள சன்னலும் விளக்கும் பார்ப்பவர் முகமும் படத்தின் மேல் நிழலாடும். எந்தக் கூச்சத்தைத் தவிர்க்க மினுக்கமற்ற தாளைத் தேர்ந்தோமோ, அந்தக் கூச்சத்தைக் கண்ணாடி மீண்டும் கொண்டுவந்து சேர்க்கிறது. கண்ணாடியை நீக்கினால் மிகுந்த பயன் பெறுவதும் மினுக்கமற்ற படமே. மிகுந்த இடருக்கு உள்ளாவதும் அதுவே. இந்த இருதலைக் கொள்ளி நிலைதான் இப்பொருளின் உயிர்நிலை.

மெழுகும் வார்னிஷும்

இலண்டன் குழு சுட்டிய பொருள்களுள் நெடுநாள் நிலைத்தது மெழுகே. பாரிசு நகரில் சிற்பியாக இருந்து நிழற்படக் கலைஞராக மாறிய ஆதாம் சாலமோன் என்பார், 1867 ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் தம் உருவப்படங்களால் பெரும்புகழ் பெற்றார். தேன்மெழுகை லவண்டர் எண்ணெய் முதலியவற்றில் இளக்கி, சிறிதளவு பிசினும் சேர்த்துச் செய்த ஒரு பசை அவர் பெயரால் வழங்கலாயிற்று. அதனை மெல்லிய துணியால் படத்தின் மேல் சிறிதளவே தேய்த்து, பின் வேறொரு துணியால் மெருகேற்றுவர்.

மெழுகு செய்த வேலை இருவகைப்பட்டது. தாளின் நுண்துளைகளை நிரப்பி ஈரத்தையும் அழுக்கையும் ஓரளவு தடுத்தது. அத்துடன், சொரசொரப்பைச் சற்றே சமன்செய்து, சாம்பல் தட்டிய கறுப்புக்கு ஆழம் கொடுத்தது. மழைக்குப் பின் கருங்கல் கறுத்துத் தெரிவதைப் போன்றது இது. கண்ணாடியின் கூச்சம் இல்லை. அதேவேளை வெறும் தாளின் வெளிறலும் இல்லை. அமெரிக்க நாட்டுக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட் போன்றோர் பிற்காலத்தில் தம் மினுக்கமற்ற அச்சுகளின்மீது வார்னிஷ் பூசியதும் இக்கருத்துப் பற்றியே.

ஆயினும் பூச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது. மெழுகில் தூசி படியும். படிந்த தூசி அதனுள் புதைந்துவிடும். மரப்பிசின் வார்னிஷ் ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளிக்கும். இவற்றைவிடப் பெரிய குறை, பூசியதைத் திரும்ப எடுக்க இயலாமை. கண்ணாடி உடைந்தால் மாற்றிவிடலாம். வார்னிஷ் கெட்டால் படமும் உடன் கெடும். மீட்க முடியாத எதனையும் மூலப்பொருளின்மீது செய்யலாகாது என்பது இன்றைய அருங்காட்சியகங்களின் அடிப்படை நெறி. அந்நெறி இத்தகைய பட்டறிவுகளிலிருந்து பிறந்ததே.

பிளாட்டினத்தின் காலம்

மேற்பூச்சால் காப்பதைவிட, படத்தின் பொருளையே அழியாததாக மாற்றினால் என்ன என்று எண்ணியவர் இங்கிலாந்து நாட்டு வில்லியம் வில்லிஸ். வெள்ளிக்கு மாற்றாகப் பிளாட்டினத்தைக் கொண்டு அச்சிடும் முறைக்கு 1873 ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். பிளாட்டினம் கந்தகத்துக்கும் காற்றுக்கும் அசையாத உலோகம். அது ஜெலட்டின் படலத்தில் தங்காமல் தாளின் நாரிலேயே தங்கியது. எனவே பரப்பு முற்றிலும் மினுக்கமற்றதாக, வெல்வெட்டுத் துணிபோல் மென்மையாக இருந்தது. நிழற்படமும் கலையே என்று வாதிட்ட பீட்டர் ஹென்றி எமர்சன், தேவாலயங்களின் தூண்களையும் படிகளையும் படமெடுத்த பிரெடரிக் எவான்ஸ் முதலியோர் பிளாட்டினத்தையே போற்றினர்.

இங்கும் ஓர் எதிர்பாராத குறை காத்திருந்தது. படம் மங்கவில்லை, ஆனால் படத்தைத் தாங்கிய தாள் நொறுங்கத் தொடங்கியது. பிளாட்டினத்தின் தூண்டுதலால் தாள் விரைவில் சிதைவதுண்டு. அதுமட்டுமன்று, பிளாட்டினப் படத்தின்மேல் மற்றொரு தாளை நெடுநாள் வைத்திருந்தால், அத்தாளில் அப்படத்தின் உருவம் பழுப்பு நிறத்தில் ஆவிபோல் பதிந்துவிடும். உருவம் நிலைத்தாலும் உடல் நிலைக்கவில்லை. முதல் உலகப் போரின்போது பிளாட்டினத்தின் விலை விண்ணை முட்டியது. அம்முறையும் பெரும்பாலும் வழக்கொழிந்தது. அத்தாள் கிடைக்காமற்போகவே எவான்ஸ் தம் நிழற்படப் பணியையே கைவிட்டார் என்பர்.

ஸ்டைகன் காட்டிய வழி

மினுக்கமற்ற பிளாட்டினத்தில் வளர்ந்து, பின்னர் கண்ணாடியற்ற காட்சியை உலகெங்கும் கொண்டுசென்றவர் எட்வர்ட் ஸ்டைகன். 1879 ஆம் ஆண்டு லக்சம்பர்க் நாட்டில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர் அவர். 1902 ஆம் ஆண்டு ஸ்டீக்லிட்ஸ் தோற்றுவித்த கலைஞர் குழுவில் முன்னணியில் நின்றார். 1904 ஆம் ஆண்டில் அவர் எடுத்த நிலவொளிக் குளத்தின் படம், பிளாட்டினத்தின்மீது வேறு பூச்சுகளையும் கையால் ஏற்றிச் செய்யப்பட்டது. அப்படத்தின் ஓர் அச்சு 2006 ஆம் ஆண்டில் 29 இலட்சம் டாலருக்கும் மேலாக ஏலம் போயிற்று. ஒவ்வோர் அச்சும் தனித்தன்மை உடையது. இழந்தால் மீளாதது என்பதே அவ்விலையின் பொருள்.

அதே ஸ்டைகன் பின்னாளில் நேர் எதிரான பாதையில் நடந்தார். இரண்டு உலகப் போர்களிலும் படைத்துறை நிழற்படப் பணியில் ஈடுபட்டவர், 1947 ஆம் ஆண்டில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் நிழற்படப் பிரிவுக்குத் தலைவரானார். அங்கே அவர் உருவாக்கி, 1955 ஆம் ஆண்டு சனவரி 24 ஆம் நாள் திறந்த 'மனிதக் குடும்பம்' என்னும் கண்காட்சி நிழற்பட வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஏறத்தாழ இருபது இலட்சம் படங்களிலிருந்து 503 படங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 68 நாடுகளைச் சேர்ந்த காட்சிகள். 273 கலைஞர்களின் கைவண்ணம். காதல், பிறப்பு, உழைப்பு, விளையாட்டு, துயரம், இறப்பு என மனித வாழ்வின் படிகள் எல்லாம் அங்கே நிரல்பட வைக்கப்பட்டன.

அப்படங்களுக்குச் சட்டம் இல்லை, கண்ணாடியும் இல்லை. எதிர்த்தகடுகளிலிருந்து புதிதாகப் பெரிதுபடுத்தி அச்சிட்டு, பலகைகளின்மீது ஒட்டி, கட்டடக் கலைஞர் பால் ருடால்ப் வகுத்த அமைப்பில் நிறுத்தினர். சில சுவரில் நின்றன. சில கூரையிலிருந்து கம்பியில் தொங்கின. காண வந்தோர் படங்களின் முன் நிற்கவில்லை. படங்களுக்கு நடுவே நடந்தனர். உழவனின் முகத்துக்கும் பார்ப்பவரின் முகத்துக்கும் இடையே ஒரு கண்ணாடித் தகடுகூட இல்லை. மனிதர் அனைவரும் ஒரே குடும்பம் என்ற கருத்தை உணர்த்த விரும்பியவர், அவர்களுக்கிடையே உள்ள தடுப்பை எடுத்துவிட்டது பொருத்தமே.

இதில் ஸ்டைகன் கையாண்ட காப்பு எது? மெழுகன்று, வார்னிஷும் அன்று. பார்வைக்கு வைத்தவை படிகள். மூலமாகிய எதிர்த்தகடுகளோ உரியவரிடம் பாதுகாப்பாக இருந்தன. ஒரு படி கிழிந்தால் மற்றொன்று அச்சிடலாம். இந்த எளிய உண்மையின் துணையால்தான் அக்கண்காட்சியின் படிகள் பல தொகுதிகளாக நாடு நாடாகச் சென்றன. இந்தியா உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தொண்ணூறு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அவற்றைக் கண்டனர்.

மாஸ்கோவில் நேர்ந்தது

கண்ணாடியின்மை ஒரு நம்பிக்கை. அந்நம்பிக்கை ஒருமுறை சோதனைக்கு உள்ளாயிற்று. 1959 ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில் நடந்த அமெரிக்கப் பொருட்காட்சியில் 'மனிதக் குடும்பம்' இடம்பெற்றிருந்தது. அப்போது அங்கிருந்த நைசீரிய மாணவர் ஒருவர் சில படங்களைக் கிழித்தெறிந்தார். வெள்ளையர் மாண்புடன் காட்டப்பட, ஆப்பிரிக்கரும் ஆசியரும் அரையாடையினராகவும் இழிந்தோராகவும் காட்டப்பட்டனர் என்பது அவர் முறையீடு.

கிழிந்த படிகளை மீண்டும் அச்சிட்டுவிடலாம். அவர் எழுப்பிய வினாவை அவ்வளவு எளிதில் ஒட்டிவிட முடியாது. படத்தில் இருப்பவரைக் கேளாமல், பிறர் அவரைத் தெரிந்தெடுத்துக் காட்டும்போது யாருடைய மதிப்பு காக்கப்படுகிறது? கண்ணாடி தாளைக் காக்கும். முகத்துக்குரியவரின் மானத்தைக் காக்காது. பெயரும் ஊரும் இன்றி, 'கூலிகள்' என்ற ஒற்றைச் சொல்லின்கீழ் அச்சிடப்பட்ட தோட்டத் தொழிலாளர் படங்களைக் கண்டு வளர்ந்த நமக்கு, அம்மாணவரின் சினம் விளங்காத ஒன்றன்று. அவர் செயலை ஏற்காதவரும் அவர் கேள்வியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சுற்றுப்பயணம் முடிந்தபின் எஞ்சிய முழுத்தொகுதி ஒன்று, ஸ்டைகனின் விருப்பப்படி அவர் பிறந்த லக்சம்பர்க் நாட்டுக்கு வழங்கப்பட்டது. பயணத்தில் நைந்த பலகைப் படங்கள் பழுது நீக்கப்பட்டு, 1994 ஆம் ஆண்டு முதல் கிளெர்வோ என்னும் ஊரின் கோட்டையில் நிலையான காட்சியாயின. 2003 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அத்தொகுதி இடம்பெற்றது. இங்கேதான் வரலாற்றின் விந்தை வெளிப்படுகிறது. கிழிந்தால் மாற்றலாம் என்று எண்ணிச் செய்யப்பட்ட படிகள், காலம் செல்லச் செல்லத் தாமே மூலங்களாகிவிட்டன. இன்று அவற்றின் கீறலும் வரலாறு. அவற்றை மாற்ற எவரும் துணியார். ஒளியையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தியே அவற்றைப் பேணுகின்றனர். படி எது, மூலம் எது என்பதைக் காலமே சில வேளைகளில் முடிவு செய்கிறது.

நமக்குரிய படிப்பினை

இவ்வளவும் எங்கோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. நமக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம். நம் பள்ளிகளில் ஆண்டுவிழா வரும்போதும், சங்கங்களில் வெள்ளிவிழாவும் பொன்விழாவும் வரும்போதும் பழைய படங்களைத் திரட்டிப் பார்வைக்கு வைக்கிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது, ஏடுகளும் படங்களும் சிதறின. எஞ்சியவை சில. அவற்றுள் பலவற்றுக்கு எதிர்த்தகடு இல்லை. எடுத்த நிலையமும் இல்லை. அந்த ஒற்றைத் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து, பசைதடவி அட்டையில் ஒட்டி, குண்டூசி குத்தி, மண்டபச் சுவரில் மாட்டிவிடுகிறோம். விழா முடிந்தபின் அது கிழிபடுகிறது; அல்லது காணாமற்போகிறது. தீய எண்ணத்தால் அன்று, அறியாமையால் நிகழ்வது.

வரலாறு கூறும் விடை எளியது. கண்ணாடியின்றி வைக்கத்தக்கது படி. மறைவாகக் காக்கத்தக்கது மூலம். இன்று கைப்பேசியாலும் படி எடுக்கலாம்; கணினிவழி மினுக்கமற்ற தாளில் பெரிதாக அச்சிடலாம். அவ்வச்சைக் கெட்டியான பலகையில் ஒட்டி, கைபடுவதற்கென நான்கு பக்கமும் அகன்ற வெள்ளை ஓரம் விட்டு, கண்ணாடியின்றியே மாட்டலாம். சன்னல் வெயில் நேரே விழாத சுவராகவும், மழைநீர் ஊறாத சுவராகவும் தேர்தல் வேண்டும். பலகையின் பின்னால் சிறு கட்டைகளை வைத்துச் சுவருக்கும் அதற்கும் இடையே காற்று உலவ வழிசெய்தல் வேண்டும். படத்திற்கு முன் ஒரு நீள்விசிப்பலகையை இட்டால் போதும். அதுவே கையை எட்டவிடாமல் காக்கும். புதிய அச்சுகளும் காற்றுக்கு அஞ்சாதவை அல்ல. சாயமையால் அச்சிட்டவை காற்றிலுள்ள ஓசோனால் வெளிறுகின்றன; நிறமித் துகள் மை அதனினும் உறுதியானது. 1855 ஆம் ஆண்டுக் குழு காற்றைப்பற்றிக் கூறிய எச்சரிக்கை இன்றும் பழையதாகிவிடவில்லை.

மூலப் படத்தையோ அமிலமற்ற தாளுறையில் இட்டு, தட்டையாக, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். காற்றின் ஈரம் நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் நிலைத்தால் பூஞ்சை பற்றும் என்பதால், நம் நாட்டில் இது சிறுகவலை அன்று. மூலத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்தே தீரவேண்டுமாயின், நடுவே சாளரம்போல் வெட்டிய தடித்த அட்டையைப் படத்தின்மேல் வைத்துக் கண்ணாடி படத்தைத் தொடாதவாறு செய்தல் வேண்டும். முன்னோர் படங்களைக் கண்ணாடியே விழுங்கிவிடும் கொடுமை இந்த ஓர் அட்டையால் நீங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. படத்தின் பின்புற ஓரத்தில், மென்மையான பென்சிலால் அழுத்தாமல், படத்தில் இருப்போரின் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவைத்தல் வேண்டும். தாள் நிலைத்துப் பெயர் அழிந்தால், நிலைத்தது யாருடைய முகம்? மாஸ்கோவில் அந்த மாணவர் கேட்ட கேள்விக்கு, நம்மால் இயன்ற விடை இதுவே. நம் முன்னோர் பிறர் கண்ணில் வெறும் கூட்டமாக நில்லாமல், பெயருடைய மாந்தராக நிற்கச் செய்வது நம் கடமை.

முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். இப்படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்று கேட்டால் சொல்ல அவர்களால் இயலும். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலிருக்கும் ஒரு பழைய படத்தை எடுத்துக்கொண்டு அவர்களிடம் சென்று அமர்ந்து, கேட்டதை எழுதிக்கொண்டு வரட்டும். ஆசிரியர் அதனை வகுப்பறைப் பாடமாக்கட்டும். அந்தப் படி கண்ணாடியின்றி வகுப்பறைச் சுவரில் நிற்கட்டும்; பிள்ளைகள் அருகில் சென்று பார்க்கட்டும். கைபட்டு அது பழுதானால் வேறொன்று அச்சிடலாம். மூலமும் பெயரும் நம்மிடம் இருக்கும்.